அட்மிரலுக்கு வெங்காயம் கூடாது

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் படகு இயந்திரம் திருத்துபவர் குணரத்தினம். அவருக்கும் மனைவி ஞானமணிக்கும் பிள்ளைகள் இல்லை. அட்மிரல் என்ற நாய் இருந்தது. மூதூர்ப் படகுக்குக் காத்திருக்கும் சனம் போட்ட ரோல்ஸையும் மீன் பணிஸையும் தின்று தின்று அது முப்பத்தெட்டுக் கிலோவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் பட்டறை வாசலில் படுத்த அட்மிரலால் எழும்ப முடியவில்லை. மீன் ஏற்றும் தள்ளுவண்டியில் அதைக் கிடத்தி, மிருக வைத்தியர் ஜெஸ்மினிடம் தள்ளிக்கொண்டு போனார் குணரத்தினம்.

"நோய் ஒண்டும் இல்லை ஐயா, கொழுப்புத்தான்" என்றார் ஜெஸ்மின். "இனி ரோல்ஸ், பிஸ்கட் ஒண்டும் வேண்டாம். இடைக்கிடை ஆசைக்கு ஏதும் குடுக்கோணும் எண்டா மரக்கறி குடுங்கோ. கரட், போஞ்சி, பூசணி. சின்னனா வெட்டி, உப்புத் தூள் போடாம அவிச்சு, கொஞ்சமா. முழுக் கரட் குடுத்தா தொண்டையில அடைக்கும்."

"வெங்காயம்?"

"கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. வெங்காயம், வெள்ளுள்ளி, லீக்ஸ், இந்த வெங்காயச் சாதி முழுக்க நாயின்ர ரத்தத்தைக் கெடுத்துப்போடும்."

அன்றே குணரத்தினம் வீட்டிலிருந்த வெங்காயம் முழுவதையும் அள்ளி அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வெங்காயம் இல்லாத சொதியை மூன்றாம் நாளும் கோப்பையில் ஊற்றியபோது ஞானமணிக்குப் பொறுக்கவில்லை.

"நாய்க்குக் கூடாதெண்டா நாங்கள் ஏனப்பா சாப்பிடாம இருக்கோணும்?"

"கையில மணம் நிக்கும். அது நக்கும்."

ஆனால் அட்மிரல் கரட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவித்த துண்டுகளை முகர்ந்துவிட்டு, தனக்குப் பெரிய அவமானம் நடந்துவிட்டதுபோல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்காம் நாள் குணரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டி, நான்கு காலில் நின்று, நாயின் தட்டில் வாய் வைத்துத் தின்று காட்டினார். "ஆகா" என்றும் சொன்னார். பாதித் தட்டு முடிந்ததும் அட்மிரலுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அவருடைய தலையைத் தள்ளிவிட்டு மீதியைத் தின்றது. அதற்குப் பிறகு கரட் என்றால் அதற்கு உயிர்.

இரண்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. எழும்பியது, நடந்தது, பிறகு ஓடத் தொடங்கியது. ஓடத் தொடங்கியதும் ஒருநாள் காலையில் காணாமல் போனது.

குணரத்தினம் இறங்குதுறை முழுக்கத் தேடினார். ஓட்டோக்காரர் ஒருவர்தான் தகவல் சொன்னார்: "உங்கட நாயோ? அது சந்தையடியில மானோட நிக்குது."

திருகோணமலை நகரத்தில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரியும். கிண்ணியாவிலிருந்து வந்து மரக்கறி விற்கும் நஜ்முன் நிஸா, காலை பத்து மணிக்குக் கழித்த இலைகளை அவற்றுக்குக் கொட்டுவார். குணரத்தினம் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மான்கள் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவதாக, மிகுந்த ஒழுக்கத்துடன், அட்மிரல் நின்றது. நஜ்முன் நிஸா தூக்கிய கூடையில் லீக்ஸ் இலை நிறைந்திருந்தது.

"தங்கச்சி, கொட்டாதீங்க!"

கூடை கவிழ்ந்துவிட்டது. குணரத்தினம் குவியலின் மேல் பாய்ந்து விழுந்தார். லீக்ஸை அள்ளி எறியலாம். ஆனால் எங்கே எறிந்தாலும் அட்மிரல் இப்போது ஓடக்கூடிய நாய். வேறு வழி தெரியாமல் வாய்க்குள் திணித்து மெல்லத் தொடங்கினார்.

"அல்லாஹ்வே! பசிச்சாக் கேட்டிருக்கலாமே அண்ணன்! நல்ல மரக்கறியே தந்திருப்பனே!"

அவர் நாயைக் காட்டினார், வாயைக் காட்டினார், மறுபடி மென்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. கடைசி இலையையும் விழுங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொல்ல முடிந்தது.

நஜ்முன் நிஸாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப என்ட மரக்கறி நஞ்செண்டா சொல்றீங்க? இவ்வளவு சனத்துக்கு முன்னால?"

குணரத்தினம் ஜெஸ்மினுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மரக்கறியில பிழையில்லை அம்மா, நாய்க்குத்தான் லீக்ஸ் கூடாது" என்றார் ஜெஸ்மின். "அந்த லீக்ஸ் இப்ப எங்க?"

"இந்த அண்ணன்ட வயித்துக்குள்ள."

"அவர் மனிசன்தானே. பரவாயில்லை" என்றார் ஜெஸ்மின்.

அன்று பின்னேரம் முழுக்கக் குணரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அட்மிரல் கட்டிலுக்கருகே வரவில்லை. அவருடைய வாய் மணம் அதற்குப் பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நஜ்முன் நிஸா லீக்ஸையும் வெங்காயத்தாளையும் வேறாக்கி வைத்தார். அட்மிரலுக்கென்று கரட்டை மெல்லிசாக வெட்டித் தனித்தட்டில் வைத்துப் பார்த்தார். வரிசையை விட்டு விலகி அது சாப்பிட மறுத்தது. அதனால் தட்டை வரிசைக்கே கொண்டுபோய் வைக்க வேண்டியதாயிற்று. ஏதும் தவறுதலாகக் கலந்துவிடுமோ என்று குணரத்தினமும் நாள்தோறும் பத்து மணிக்கு வந்து நின்றார்.

ஒருநாள் ஓர் இயந்திரம் கிளம்ப மறுத்ததால் அவருக்குப் பிந்திவிட்டது. வியர்க்க ஓடிவந்து பார்த்தார். கூடை இன்னும் கவிழவில்லை. வரிசை அசையாமல் நின்றது. பெரிய கொம்புமான் ஒன்று அவரைக் கண்டதும் ஓர் அடி விலகி, தனக்கும் அட்மிரலுக்கும் நடுவில் இடம் விட்டது.

குணரத்தினம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு போய் அந்த இடத்தில் நின்றுகொண்டார்.