உறைக்குள் இருந்த எண்

மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிற அத்தனை பேரையும் சோதிக்க முடியாது. தங்கம் பிரிக்கிற இடம் என்பதால் சிலரையாவது நிறுத்துவார்கள். யாரை என்பது மில்லின் காவல் அதிகாரி வேணுகோபாலின் ரகசியம். காலையில் ஒரு எண்ணை எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து, கேட்டில் காவல் நிற்கிற என் வீட்டுக்காரர் இன்பராஜிடம் கொடுப்பார். ஷிப்ட் விடும்போதுதான் அவர் அதைப் பிரிக்க வேண்டும். டோக்கன் நம்பர் அந்த எண்ணில் முடிகிறவர்களுக்குச் சோதனை.

அப்படியும் தங்கம் திருட்டுப் போனது. ரகசியத்தை விற்றது இன்பராஜ்தான் என்று அதிகாரி முடிவு கட்டி, சனிக்கிழமையோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். வேலை போனால் மில் கொடுத்த லைன் வீடும் போகும். இன்பராஜுக்கு எனக்குத் தெரியாமல் ஒரு பீடி பிடிக்கக்கூட வராது.

கேட்டுக்கு எதிரில் வடை விற்கிறவள் நான். சோதனையில் மாட்டியவர்கள் பிந்தி வந்து, வடை ஆறிப்போனதற்கு என்மேல் எரிந்து விழுவார்கள். அந்த வாரம் அவர்கள் கழுத்தில் தொங்கிய டோக்கன்களைக் கவனித்தேன். திங்களன்று எல்லாம் மூன்றில் முடிந்தன. செவ்வாய் ஆறு, புதன் ஒன்பது, வியாழன் இரண்டு. அதிகாரி தினமும் மூன்று கூட்டுகிறார், பத்தைத் தாண்டினால் கடைசி இலக்கம், அவ்வளவுதான். இதற்கு அரக்கு வேறு.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரியின் அறைக்கே போனேன். மில் மேனேஜரும் இருந்தார்.

"இன்னிக்கு அஞ்சு, நாளைக்கு எட்டு. உறையைப் பிரிச்சுப் பாருங்க சார். வடை சுடற எனக்கே தெரியுதுன்னா திருடனுக்குத் தெரியாதா?"

மேஜைமேல் இருந்த அன்றைய உறையை மேனேஜர் பிரித்தார். ஐந்து. அதிகாரியின் முகம் செத்துவிட்டது. இனிமேல் இன்னும் கஷ்டமான கணக்காக வைத்துக்கொள்கிறேன் என்றார்.

"இன்னா கணக்கு வெச்சாலும் எவனாவது கண்டுபுடிப்பான் சார். ஒரு பையில ஒன்பது வெள்ளைக் கோலி, ஒரு செவப்புக் கோலி போடுங்க. வெளிய வர்ற ஒவ்வொருத்தரும் பாக்காம எடுக்கட்டும். செவப்பு வந்தா சோதனை. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கணும். ஊருக்கே தெரியட்டும். யாருக்கு வரும்னு எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எதை விக்கறது?"

அதிகாரிகளும் எடுக்க வேண்டும் என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இன்பராஜின் வேலை நிலைத்தது.

மறு வாரமே இரண்டு பேர் டிபன் டப்பாவின் அடியில் தங்கத்தோடு பிடிபட்டார்கள். அதற்கடுத்த புதன்கிழமை, ஷிப்ட் விடுகிற நேரத்தில், வேணுகோபால் பைக்குள் கைவிட்டார். சிவப்பு வந்தது.

"கையைத் தூக்குங்க சார்" என்றார் இன்பராஜ், மரியாதையாக.

அவர் தூக்கினார். வரிசை முழுக்க விசிலடித்தது. நானும் அடித்தேன்.