மேனேஜருக்கு ஒரு டாக்டர்

சொந்தத்தில் மாட்டு டாக்டர் இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாய்க்கு யார், பசுவுக்கு யார் என்று ஏறி இறங்கி விசாரித்து, பிடித்த டாக்டராகப் பார்த்துக்கொள்ளலாம். பால்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவருடைய அக்காவைக் கட்டியவரே கால்நடை டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து தொழுவத்தில் எது இருமினாலும் மாமாதான். இனிமேல் வேறு டாக்டர் பார்ப்பதென்றால், அக்காவுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி.

மாமாவுக்குக் கை தங்கம். வாய்தான் தகரம். மாட்டிடம் குழைகிற அதே நாக்கு மாட்டுக்காரரைக் கண்டதும் சாட்டையாகிவிடும். இதற்கெல்லாம் எல்லாரும் பழகிப்போயிருந்தார்கள். மேனேஜர் விஷயத்தில்தான் வம்பு வந்தது.

மேனேஜர் என்பது நாய். தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல், மற்றவர்கள் வேலை செய்வதை வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். பால்காரர் மனைவிக்கு அதன் மேல் உயிர். நடந்தால் மூச்சு வாங்குகிறதே என்று ஒருநாள் மாமாவிடம் காட்டினாள். பால் வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி மாமா சொன்னார்:

"நாய்க்கு ஒரு வியாதியும் இல்லம்மா. சோறு போடுற கைக்குத்தான் வியாதி. இப்படியே போட்டுட்டு இருந்தா நீ வளக்குறது நாய் இல்ல, பன்னி."

வரிசை சிரித்தது. அதுவரை மாமாவை வாய் நிறைய 'அண்ணா' என்று கூப்பிட்டு வந்தவள், அன்றோடு அந்தச் சொல்லைத் தலைமுழுகினாள். பிறகு எல்லாம் 'அந்த டாக்டர்'.

"அந்த டாக்டர் இனிமே நம்ம தொழுவத்துல கால் வெக்கக் கூடாது. வேற ஆளைப் பாருங்க."

"செவலை நெறமாசமா நிக்குதும்மா. தலைச்சன் கன்னு. இந்த நேரத்துல போயி..."

"அதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

செவலைப் பசு பால்காரருக்குப் பெற்ற பெண் மாதிரி. தாயை இழந்த கன்றை அவர்தான் மடியில் கிடத்திப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். அதன் பிரசவத்தை நினைத்து ராத்திரியில் இரண்டு முறை எழுந்து தொழுவத்துக்குப் போய் வருவார். மாமா இல்லாமல் என்றால் தொழுவத்திலேயே படுக்க வேண்டியதுதான். அக்காவுக்குத் தெரிந்தால் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டாள். ஆனால் அக்கா எப்போதாவது வருகிறவள். மனைவி எப்போதும் இருக்கிறவள். பால்காரர் மனைவி பக்கம் சாய்ந்தார்.

கடைத்தெரு முனையில் புதிதாக ஒரு கிளினிக் வந்திருந்தது. வாசல் முழுக்கக் கண்ணாடி என்பதால் உள்ளே இருந்தவர் 'கண்ணாடி டாக்டர்' ஆகிவிட்டார். பெயர்ப்பலகையில் ஒரு நாய், ஒரு பூனை, மூலையில் ஒரு பசு. மூன்றும் சிரித்தன. மேனேஜர் கேட்டில் மாட்டி நகத்தைப் பிய்த்துக்கொண்டதும், சைக்கிள் டயர் வாங்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

உள்ளே மருந்து வாடையின் மேல் ரோஜா சென்ட் அடித்திருந்தார்கள். சோபாவில் உட்காரப் பால்காரருக்குக் கூச்சம், மேனேஜருக்கு இல்லை.

"வாங்க மேனேஜர் சார்! நகத்துல என்ன ஆச்சு?" என்று, பெயரைக் கேட்டதும் டாக்டர் எழுந்தே வந்தார். வலிக்காமல் கட்டுப் போட்டார். கட்டைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டையை மாட்டினார். எடைமேடையில் ஏற்றி முள்ளைப் பார்த்துவிட்டு, "சார் கொஞ்சம் பூசினாப்ல இருக்காரு. சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சா இன்னும் அழகா இருப்பாரு" என்றார்.

"பாத்தீங்களா! இவரு டாக்டர்!" என்றாள் மனைவி. மாமா சொன்னதும் இதைத்தானே என்று கேட்கப் பால்காரர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். குடும்பம் நடத்தத் தெரிந்தவர்.

"மாடும் பாப்பீங்களா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"போர்டுலயே போட்டிருக்கோமே."

வெளியே வந்தால், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா. கையில் துணி போட்டு மூடிய கூடை. கூடை 'மியாவ்' என்றது.

"நீ என்னைப் பாக்கல" என்றாள் அக்கா.

"நீயும் எங்களைப் பாக்கலக்கா."

"அவருக்கும் பூனைக்கும் ஆகவே ஆகாதுடா. ஊசிய எடுத்தாலே பிறாண்டுது. கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிருவாரு."

அடுத்த வாரம், வெயில் உச்சியில் இருக்கும்போது செவலைக்கு வலி கண்டது. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் ஒரே ஒரு குளம்புதான் வெளியே எட்டிப் பார்த்தது. கண்ணாடி டாக்டர் ஓடி வந்தார். தோள் வரை உறை மாட்டிக் கையை விட்டுப் பார்த்தார். மெல்லக் கையை வெளியே எடுத்தார்.

"தலை பின்பக்கமா மடங்கியிருக்கு. ஒரு காலும் உள்ள மாட்டியிருக்கு" என்றார். பிறகு, இதைச் சொன்னதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும், "பொய் சொல்லக் கூடாதுங்க. இதை நான் படிச்சிருக்கேன், செஞ்சதில்ல. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க. எனக்குத் தெரிஞ்சு அவர் கைக்குத்தான் இது வரும்."

செவலை பால்காரரைப் பார்த்து ஒருமுறை கத்தியது. அவர் போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணை அமுக்கினார். மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணா..." என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அந்தப் பக்கத்தில் மாமா, "செவலையா? வெந்நீர் போடும்மா. வந்துட்டேன்."

வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றினார். சோப்பைக் குழைத்துத் தோள் வரை பூசிக்கொண்டு தரையில் படுத்தார். "என் தங்கம், கொஞ்சம் பொறுத்துக்க" என்றது செவலையிடம். "மரமாட்டம் நிக்காம கயித்தைப் பிடிங்க" என்றது கண்ணாடி டாக்டரிடம். நெடுநேரப் போராட்டத்துக்குப் பிறகு கன்று வழுக்கி வந்து விழுந்தது. மூச்சில்லை. மாமா சட்டையோடு கழற்றி வைத்திருந்த தன் பச்சைத் துண்டால் அதைப் பரபரவென்று தேய்த்தார். மூக்கில் வைக்கோல் விட்டுக் கிளறினார். கன்று தும்மியது. பால்காரர் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார்.

அந்த நேரம் பார்த்து, புனல் கழுத்தோடு மேற்பார்வைக்கு வந்தது மேனேஜர்.

மாமா புனலைப் பார்த்தார். குனிந்து கட்டைப் பார்த்தார். கண்ணாடி டாக்டரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. சோத்தைக் குறைக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

"நீங்க சொன்னது வேறண்ணா" என்றாள் மனைவி.

மாமா கன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆமாம்மா. வேறதான். வரிசைல நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது" என்றார். பிறகு கண்ணாடி டாக்டரிடம் திரும்பினார். "எங்க வீட்டுப் பூனைக்கும் நீங்கதான?"

எல்லாரும் கன்றைப் பார்த்தார்கள்.

"பூனைக்கு ஊசி போடுற நாளாப் பாத்துத்தான் ஊர்ல கல்யாணமே வெக்கிறாங்க. எந்தக் கல்யாணத்துக்குய்யா கூடைல பூனையத் தூக்கிட்டுப் போவாங்க? எனக்குத் தெரியும். ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்க. ஒளிவுமறைவு இல்லேன்னு ஆயிட்டா, அதை என்கிட்டயே கொண்டு வந்துருவா." குரலைத் தாழ்த்தினார். "பூனைன்னா எனக்குப் பயம்."

கட்டுப் பிரிக்கிற நாளில் பால்காரரும் மனைவியும் மேனேஜரோடு கண்ணாடிக் கதவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் கல்யாணமா அண்ணி?"

"ஆமா. அவருக்குச் சந்தேகமே வரல. அப்பாவி" என்று சிரித்தபடி அக்கா கூடையின் துணியை விலக்கினாள்.

பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், நாலாக மடித்து மெத்தென்று விரித்த பச்சைத் துண்டு. எவ்வளவு துவைத்தும் போகாத பழுப்புக் கறை ஓரத்தில் தெரிந்தது.

"இது அவர் துண்டாச்சே. நான் வெக்கலையே."

அக்கா துண்டையே பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு அவள் துணியை இழுத்துப் பழையபடி மூடினாள்.

"அடுத்த மாசமும் ஒரு கல்யாணம் இருக்கு" என்றாள்.