அக்கா உட்கார்ந்தால் அணையும் வண்டி

"பெட்ரோல் புதுசா ஊத்தியாச்சு, பிளக்கைத் துடைச்சாச்சு, ஃபில்டரை..."

"நான் உக்காந்தா ஓடுதே அக்கா, அதுக்கு என்ன சொல்றே?"

"ஃபில்டரைத் தட்டி மாட்டியாச்சுங்கறேன். நடுவுல பேசாதே."

"வண்டியில குறை இல்லைங்கறேன். அதைக் காதுல வாங்கு."

தம்பி சொன்னதில் பொய் இல்லை. அக்காவுக்கு ஆத்திரமே அதுதான். அவன் தன் பெருத்த உடம்போடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினால், அந்தப் புல்வெட்டும் வண்டி பசு மாதிரி மைதானத்தைச் சுற்றி வந்தது. இவள் திருகினாலும் என்ஜின் எழும்பத்தான் செய்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுதான் தாமதம், ஊதிய விளக்காக அணைந்துபோனது.

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போனபோது வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதுவரைக்கும் அந்த விளையாட்டு மைதானத்துப் புல்லை அவளைத் தவிர வேறு யாரும் வெட்டியதில்லை. பாதி உடம்பாக இளைத்துத் திரும்பியவளை ஆளாளுக்குத் தாங்கினார்கள். தாங்கல் எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிந்தது: இனி நீ ஓட்ட வேண்டாம். நிழலில் உட்கார்ந்து கோல் வலையைத் தைத்தால் போதாதா என்று தம்பி பெண்டாட்டி கேட்டாள். மைதான மேலாளரோ, சாயங்காலம் வருவேன், அதற்குள் ஓட்டிக் காட்டினால் வண்டி உங்களுடையது, இல்லாவிட்டால் தம்பியே ஓட்டட்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெயில் ஏற்கெனவே சாயத் தொடங்கியிருந்தது.

"உடம்பு தேறட்டும்க்கா. உனக்குத் தெம்பு இல்லைன்னு வண்டிக்கே தெரியுது பாரு."

வண்டிக்கு ஆளைத் தெரியுமா என்ன? அதற்குப் பெட்ரோலைத் தெரியும், காற்றைத் தெரியும், பொறியைத் தெரியும். மூன்றும் இருந்தும் நிற்கிறது என்றால் எதுவோ பிடித்து நிறுத்துகிறது. பிரேக் பிடித்திருக்கும்வரை ஓடுகிறது, விட்டதும் நிற்கிறது. ஓட்டுகிற ஆள் பாதியில் எழுந்துவிட்டால் இந்த வண்டி இப்படித்தான் செய்யும். சீட்டுக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்ச் உண்டு. சீட்டு அமுங்கினால்தான் மேலே ஆள் இருப்பதாக அது நம்பும். தவறி விழுந்தவர் மேல் பிளேடு ஏறிவிடக் கூடாதே என்று வைத்தது.

ஆக, அந்தச் சீட்டுக்கு அவள் ஓர் ஆளாகவே படவில்லை.

கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை.

"அந்த டூல்ஸ் பெட்டியைத் தூக்கி என் மடியில வைடா."

வைத்தான். அவள் சாவியைத் திருகிப் பிரேக்கை விட்டாள். வண்டி முனகாமல் நகர்ந்தது.

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், உனக்கு மடியில் கனம் இருந்தால்தான் வழியே பிறக்கிறது என்றான். பிரச்சினை தீர்ந்தது, தினமும் ஒரு மணல் மூட்டையை மடியில் கட்டிவிடுகிறேன் என்று யோசனையும் சொன்னான். மூட்டை சுமக்க நான் என்ன கழுதையா என்று கேட்டுவிட்டு அவள் இறங்கினாள். ஒல்லிக்குச்சியாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதே வண்டிதானே அவளைச் சுமந்தது? அன்றைக்கு ஆளாகத் தெரிந்தவள் இன்றைக்கு எப்படித் தெரியாமல் போனாள்?

சீட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துப் பார்த்தாள். மெல்லிய ஸ்பிரிங் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில், கறுப்புப் பூச்சோடு தடித்தடியாக வேறு இரண்டு நின்றன.

"இது ஏது?"

தம்பி பின்மண்டையைச் சொறிந்தான்.

"நான் உக்காந்தா சீட்டு ஒரேயடியா அமுங்கிச்சுக்கா. முதுகு விட்டுப்போச்சு. பழைய பைக் ஸ்பிரிங் கிடந்தது, போட்டுக்கிட்டேன். சுவிட்ச் ஞாபகமே வரலை, சத்தியமா."

அவளுக்குக் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தன் வசதிக்குச் சீட்டை மாற்றிக்கொண்டு, அவள் உடம்பில் அல்லவா குறை கண்டுபிடித்தான். பழசு எங்கே என்று கேட்டாள். ஷெட்டில் ஆணி டப்பாவுக்குள் கிடக்கிறது என்றான். சொல்லிவிட்டுக் கூடவே வந்தான். அதை மாட்டினால் என் முதுகு என்ன ஆவது, எப்படியும் நான்தானே ஓட்டப்போகிறேன், இருப்பது இருக்கட்டுமே என்று அவள் பின்னாலேயே நடந்து கெஞ்சினான்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்பேனரை எடுத்து வந்து குந்தி உட்கார்ந்து போல்ட்டைத் திருகினாள். இறுகிப்போயிருந்தது. நான் கழற்றுகிறேன் என்று நீண்ட கையை முழங்கையால் தள்ளிவிட்டாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்தித் திருகினாள். தடித்த இரண்டும் புல்லில் விழுந்தன. பழைய இரண்டும் வீடு திரும்பிய பிள்ளைகள் மாதிரி தங்கள் இடத்தில் உட்கார்ந்தன.

ஏறினாள். சீட்டு மெல்ல அமுங்கி அவளை ஏற்றுக்கொண்டது. பிரேக்கை விட்டாள், பிளேடை இறக்கினாள். பச்சைப் புல்லின் வாடை கிளம்ப, மைதானத்தின் குறுக்கே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு விழுந்தது. வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வந்த மேலாளர் அங்கேயே நின்று பார்த்தார். வேலியோரம் திரும்பி வந்த வண்டி, என்ஜின் அணையாமல் தம்பியின் எதிரே நின்றது. அவன் கையில் அந்தத் தடித்த ஸ்பிரிங் இரண்டும் இருந்தன.

"இது என் கனத்துக்கு அமுங்கற சீட்டு. நீ ஏறணும்னா, போய் இளைச்சுட்டு வா."