வேகமாய்ப் பெருகிய குடுவை

பூங்கனிக்குக் கைராசி என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. தோவாளைப் பக்கம் இருந்த அந்தச் சின்ன மருந்துக் கம்பெனியில், எலி இனத்துப் பிராணி ஒன்றின் உயிரணுக்களைக் குடுவையில் வளர்த்தார்கள். அவற்றுக்குள் மனித மரபணு ஒன்றைப் புகுத்தியிருந்தார்கள். கிட்னி போனவர்களுக்கு ரத்தம் ஊறவைக்கும் மருந்தை அவை சுரந்து தரும். மற்றவர்களின் குடுவை நிரம்ப மூன்று நாள் ஆகும். பூங்கனியின் குடுவை இரண்டே நாளில் நிரம்பிவிடும்.

மேனேஜர் ஞானையனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உறையவைத்த மூல அணுக்களை எடுத்து அவ்வப்போது புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது முறை. நன்றாக ஓடுவதை எதற்கு மாற்றணும் என்று, அவள் குடுவையிலிருந்தே அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என ஒரு வருஷம் ஓட்டிவிட்டார். மெத்தப் படித்த மூஞ்சூறு கழனிப்பானையில் விழுந்த கதைதான்.

அந்த மருந்தை ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போட்டுச் சோதித்தார்கள். சோதனையில் சேர்ந்தவர்களுக்கு டயாலிசிஸ் இலவசம். பூங்கனியின் புருஷன் ஜான்ரோஸும் சேர்ந்தான். அடுத்த கட்டிலில் கிடந்த மரியஜானை, "எனக்க வீட்டுக்காரி கையால ஆன மருந்தாக்கும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டதும் அவன்தான். இருவரும் கடியப்பட்டணத்தில் ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர்கள்.

மாசங்கள் போயின. ஏற வேண்டிய ரத்தம் இரண்டு பேருக்கும் இறங்கியது. பூங்கனிக்குத் தன் குடுவைமேலேயே சந்தேகம் வந்தது. மூல அணுக்களில் கொஞ்சம் எடுத்து வளர்த்தாள். அது மெல்லத்தான் பெருகியது. இரண்டு மருந்தையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூல அணுவின் மருந்து ரத்தத்தில் தங்கியது, அவளுடைய பழைய குடுவையின் மருந்து வந்த சுவடு தெரியாமல் போனது.

தலைமுறை தலைமுறையாகப் பிரிந்ததில் அணுக்கள் மாறிப்போயிருந்தன. மருந்தின்மேல் பூச வேண்டிய சர்க்கரைப் பூச்சை அரைகுறையாக விட்டுவிட்டு, மிச்சமான தெம்பில் பெருகியிருக்கின்றன. பூச்சு இல்லாத மருந்தை ஈரல் விழுங்கிவிடும். ஒழுங்காக வேலை செய்த அணுக்களை வேலைக்கள்ளிகள் முந்திவிட்டன. கைராசியாம், மண்ணாங்கட்டி.

ஞானையன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளிய தெரிஞ்சா சோதனைய நிறுத்திருவாவ. டயாலிசிசும் நின்னுரும். நீ இப்பம் புதுசா வளத்ததுல ஒரு ஆளுக்கு உள்ள மருந்து காணும். உனக்க மாப்பிளைக்குக் கொண்டு போ. வாயத் தொறக்காத."

ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாருக்குமே கடையில் கிடைக்கும் வேறு மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். டயாலிசிஸ் நின்றால் ஜான்ரோஸ் எத்தனை நாள் தாங்குவான் என்பதும் தெரியும். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல வாய் கசந்தது. ஆனாலும் மருந்தை வாங்கிக்கொண்டாள்.

ஜான்ரோஸ் முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து நடந்தான், மீன்குழம்பு கேட்டான். மரியஜான் வெளுத்துக்கொண்டே போய், மூச்சு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இதயம் நின்று செத்துப்போனான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, மரியஜானின் பெண்சாதி விக்டோரியா பூங்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. புருஷனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டாய் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"அண்ணனுக்கு வச்ச அதே மருந்துதானே அக்கா, இவருக்கும் வச்சாவ?"

"அதே மருந்துதான் மக்கா" என்றாள் பூங்கனி.