இரண்டாவது மின்தூக்கி

நகர மன்றத்தின் அந்தக் கிளை அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மேலாளர் அமலா. இன்னொருவர் பராமரிப்பு மேற்பார்வையாளர் அப்துல் ஹமீது. அறிவிப்புகள் நான்கு மொழிகளில் போக வேண்டும் என்பதால் தமிழ் வரிகள் அமலாவின் தலையில்தான் விழும். பதினொரு வருடமாக விழுகின்றன. அதற்கென்று யாரும் அவளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, ரயிலில் நின்றபடி, கைப்பேசியில் தட்டி அனுப்பிவிடுவாள்.

அப்படி அனுப்பிய ஒரு வரிதான் செவ்வாய்க்கிழமை காலை கோவிந்தராசு என்ற முதியவரைக் கொன்றது. இதை வேறு மாதிரி சொல்லிப் பார்க்க அமலாவும் முயன்றாள், முடியவில்லை.

மன்றம் பராமரிக்கும் அவருடைய அடுக்குமாடிப் புளோக்கில் இரண்டு மின்தூக்கிகள். அன்று ஒருநாள் பழுதுபார்க்க நிறுத்தியது இரண்டாவதை மட்டும். மற்ற மூன்று மொழிகளிலும் அப்படித்தான் இருந்தது. தமிழில் ‘இரண்டாவது மின்தூக்கி இயங்காது’ என்று வந்திருக்க வேண்டும். கைப்பேசி ஊகித்துக் கொடுத்ததை அவள் திரும்பிப் பார்க்காததால் ‘இரண்டு மின்தூக்கிகளும் இயங்கா’ என்று வந்துவிட்டது. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் உழைத்த மனிதர், எழுபத்தாறு வயது, கையில் காய்கறிப் பை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த முதல் மின்தூக்கியின் பொத்தானைக்கூட அழுத்தாமல் பதினொன்றாம் மாடிக்குப் படியேறினார். ஒன்பதாம் மாடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் ஹமீது அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த அறிவிப்பு.

“நேத்தே கழட்டிட்டேன் மேடம். சரியா பிரிண்ட் பண்ணி வேற ஒட்டியாச்சு.”

“ஏன் பாய் இப்படிச் செஞ்சீங்க?”

“அந்தத் தமிழ யாரு படிக்கிறா? உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். உங்க வேலை போயிரும் லா. விட்டுடுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

தலைமை அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்து கணினியில் காத்திருந்தது. மூன்று மணிக்குள் அவள் ஒப்புதல் வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே நான்கு மொழிகளிலும் அறிவிப்பு ஒட்டப்பட்டது, முதல் மின்தூக்கி இயங்கிக்கொண்டிருந்தது, முதியவர் குழப்பமடைந்திருக்கலாம் என்றது அது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை எழுதிய மகராசன் அவரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அமலாவும் பார்த்ததில்லைதான். ஆனால் அவர் குழம்பவில்லை என்பது உலகத்தில் அவளுக்குத் தெரியும், ஹமீதுக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது.

அந்த வரியை அழித்தாள். ‘தமிழ் அறிவிப்பில் பிழை இருந்தது. அதை எழுதியது நான்’ என்று சேர்த்து அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் கைப்பேசி அலறத் தொடங்கியது. அதை அணைத்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு, புளோக்குக்கு நடந்தாள். அனுப்பியதுதான் கஷ்டமான வேலை என்று அப்போது நினைத்திருந்தாள்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் நீலத் துணி கட்டி, நடுவில் பெட்டியை வைத்திருந்தார்கள். நான்கு மணிக்கு மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்ப வேண்டும். பெட்டியருகில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி நாகம்மா.

“ஆபீஸ்லேர்ந்தா? உக்காரும்மா. இவருக்குப் புத்தி தடுமாறிப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. லிஃப்ட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சாமே. செவ்வாக்கெழம ரெண்டும் ஓடாது, ரெண்டும் ஓடாதுன்னு ரெண்டு வாரமா எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாந்தான் முருங்கைக்கீரை வேணும்னு தேக்கா மார்க்கெட்டுக்கு அனுப்புனேன். புத்தி சரியில்லாத மனுசன வெளிய அனுப்பிட்டேனேம்மா…”

“அவரு புத்தி நல்லாத்தான் இருந்துச்சும்மா,” என்றாள் அமலா. காகிதத்தை நீட்டினாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி.”

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் வரியைத் தானே, அந்தப் பெட்டியின் முன்னால் படித்தாள்.

“ரெண்டும் ஓடாதுன்னு தப்பா போட்டிருக்கும்மா. அவரு படிச்சது சரி. எழுதினது நான்.”

அவள் அடியை எதிர்பார்த்தாள், வசவை எதிர்பார்த்தாள். நாகம்மா பெட்டிக்குள் இருந்த முகத்தைத் தடவினாள்.

“கேட்டீங்களா? சரியாத்தான் படிச்சிருக்கீங்க.” பிறகு அமலாவின் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை, அதை அமலாவால் தாங்க முடியவில்லை.

“அது நீதானா? ஒவ்வொரு நோட்டீசையும் நின்னு நிதானமா படிப்பாரும்மா. நம்ம புள்ள யாரோ எழுதுது, ஒரு தப்பு இருக்காதுன்னு மெச்சிக்குவாரு. அதான் பட்டன அமுக்கிக்கூடப் பாக்கல.”