மணிக்கூண்டு வாசலுக்கு வந்த ஞாயிறு

அந்தப் பெருநகரத்தின் மணிக்கூண்டு தன் இடத்தை விட்டு முதன்முதலாகக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி பத்து நிமிடத்துக்கு. அன்று வெயில் சுமார், முட்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது, குழாயில் தண்ணீர் வழக்கம்போல ஒன்பது மணிக்கே நின்றுவிட்டது. மணிக்கூண்டு கடைவீதியைக் கடந்து, முடிதிருத்தும் கடை மூலையில் திரும்பி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துக்குள் நுழைந்து, சைடுகார்க்காரியின் வீட்டு முற்றத்தில் இடது பக்கமாக வந்து நின்றது. பிறகு பலபேர் நாடாவைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். சந்து பழைய அகலம்தான், மணிக்கூண்டும் பழைய அகலம்தான். சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

சைடுகார்க்காரியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. தீயணைப்பு நிலையம் வேண்டாமென்று கழித்துப்போட்ட அறுபது வருடப் பழைய மோட்டார் சைக்கிளை, பக்கத்தில் ஒட்டிய ஒற்றைச் சக்கர சைடுகாரோடு சேர்த்து இரும்பு விலைக்கு வாங்கி, ஒன்றரை வருடம் அதோடு மல்லுக்கட்டி உயிர் கொடுத்தவள். வெளியூர்க்காரர்களை சைடுகாரில் உட்காரவைத்து, தலைக்குத் தோல் தொப்பியும் கண்ணுக்குப் பெரிய கண்ணாடியும் மாட்டி, மூன்று மணி நேரத்தில் பதினான்கு இடங்களைச் சுற்றிக்காட்டிவிடுவாள். இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே காது கேட்காது என்பதால் தொண்டை கிழியக் கத்தித்தான் விளக்கம் சொல்வாள். "இடது பக்கம் பாருங்க, மணிக்கூண்டு!" என்று அவள் கத்தினால், தினமும் அந்த வழியே போகிறவர்கள்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பன்னிரண்டு வருடத்தில் நாலாயிரம் பேருக்கு ஊரைக் காட்டியிருக்கிறாள். காட்டாமல் விட்ட ஒரே ஆள் அவளுடைய சொந்த அக்கா.

இத்தனைக்கும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கூடம் இருந்தது நிலவறையில், ஊழியர் வாசல் இருந்தது பின்பக்கச் சந்தில். வெளுக்கும் முன்னே ஜன்னல் இல்லாத ஊழியர் வண்டியில் ஏறினால், பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கையை ஆளாக்கியது அந்த நிலவறை ஆவியில் நின்றுகொண்டுதான். புருஷன் என்று ஒருவன் இருந்தான். மகள் பிறந்த வருடம் கப்பலேறினான், அதோடு சரி. அந்த மகளையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் தங்கை சைடுகாரைத் தட்டிக் கூப்பிடுவாள். சரியாக அந்த நேரம் பார்த்து யாராவது வெளியூர்க்காரர் வாசலில் வந்து நிற்பார். "அவங்களக் கூட்டிட்டுப் போ, பாப்பா. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்பாள் அக்கா. நாற்பத்தைந்தை எட்டிப் பிடிக்கப்போகிற தங்கை அவளுக்கு இன்னும் பாப்பாதான்.

ஆனால் அக்காவுக்கு ஊர் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரி கழித்த விரிப்புத் துணியில் சைடுகார் இருக்கைக்கு உறை தைத்துக்கொடுத்தவள் அவள்தான், வாராவாரம் அதைத் துவைத்தவளும் அவள்தான். ஊரில் எந்த இடம் எப்படி அழுக்காக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. துறைமுகம் என்றால் கறுப்புப் பிசுக்கு, கொதிக்கும் நீருக்குத்தான் அசையும். அருங்காட்சியகம் என்றால் புறா எச்சம். மீன் சந்தையின் வாடை மூன்று அலசலுக்குப் பிறகும் மிச்சமிருக்கும். உறையைக் கையில் வாங்கியதும், "கோட்டை மேட்டுல மழையா?" என்று கேட்பாள். பெய்துதான் இருக்கும். முப்பத்தோரு வருடம் ஓர் ஊரில் இருந்து, அதைக் கறையாக மட்டுமே கண்டவள் அவள்.

அந்த அக்காவுக்குத்தான் ஓய்வு வந்தது. சனிக்கிழமையோடு வேலை முடிகிறது, திங்கள்கிழமை காலை ரயில். இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். முழங்கால் இருக்கிற இருப்புக்கு இனித் திரும்பி வருவது சந்தேகம். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. தங்கை பத்து நாள் முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை யாரும் வராதீர்கள் என்று வாசலில் எழுதிப்போட்டாள். செயினுக்கு எண்ணெய் விட்டாள், முகப்பு விளக்கில் முகம் தெரியத் துடைத்தாள், கார்புரேட்டரைக் கழற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாக்பீஸ் வந்தார். போக்குவரத்து ஆய்வாளருக்கு ஊர் வைத்த பெயர் அது. எதைப் பார்த்தாலும் அதைச் சுற்றி ஒரு வெள்ளைக்கோடு போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

"ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி எதுவும் இனிமே ரோட்டுல ஓடக் கூடாதும்மா. இன்னிக்கே அமல்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் விடுங்க சார். எங்க அக்காவுக்கு ஊரைக் காட்டணும். மறுநாளே நானே தள்ளிட்டு வந்து ஒப்படைச்சுடறேன்."

"ஓர் அங்குலம் அசைஞ்சாலும் பறிமுதல். உத்தரவுல அப்படித்தான் போட்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

கெட்ட மனிதர் இல்லை. அச்சில் வந்ததை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர், அவ்வளவுதான். முற்றத்தில் குனிந்து மூன்று சக்கரங்களைச் சுற்றியும் பொறுமையாகக் கோடு கிழித்தார். ஞாயிறு பத்தரைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லி, உத்தரவின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வேலையை முடித்துக்கொண்டு, சக ஊழியர்கள் கொடுத்த கைக்கடிகாரத்தோடு வந்தாள். தங்கை உத்தரவுத் தாளை நீட்டிவிட்டு, சமையலறையில் போய் நின்று விசும்பி விசும்பி அழுதாள். அவளுக்கு வந்தது துக்கம்கூட இல்லை, வெட்கம். முன்பின் தெரியாத நாலாயிரம் பேருக்குக் காட்டிய ஊரை, சோறு போட்டு வளர்த்தவளுக்குக் காட்ட ஒரு மூன்று மணி நேரம் ஒதுக்கவில்லையே என்று நெஞ்சு குமைந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, டாக்ஸி வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"டாக்ஸியா? பன்னிரண்டு வருஷமா உறை தச்சது டாக்ஸிக்கா?" என்று கேட்டாள் அக்கா. "நான் உட்கார்ந்தா அதுலதான் உட்காருவேன். ஓடலைன்னா பரவாயில்ல. உட்காரக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

தங்கை தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை.

ஆகவே ஞாயிறு காலை அக்கா புது உடுப்பு உடுத்தி, கைக்கடிகாரம் கட்டி, தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, முற்றத்தில் நின்ற சைடுகாருக்குள் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து உட்கார்ந்தாள். ஓடாவிட்டாலும் அந்த அதிர்வையாவது அவள் உடம்பு அனுபவிக்கட்டும் என்று தங்கை கியரில் போடாமல் ஓர் உதை விட்டாள். இஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டதும் பன்னிரண்டு வருடப் பழக்கம் அவள் தொண்டையில் வந்து நின்றது. தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே, "இடது பக்கம் பாருங்க, மணிக்கூண்டு!" என்று கத்திவிட்டாள்.

மணிக்கூண்டு வந்தது. இரண்டு நிமிடம் நின்றது, நான்கு முகத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டியது, பத்தே காலுக்கு ஒரு மணி அடித்துவிட்டுப் பின்பக்கமாகப் போயிற்று. அக்கா தன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சரிசெய்துகொண்டாள். தங்கை இஞ்சினை அணைக்கப் போனாள். ஆனால் தொழில்காரி அல்லவா, அடுத்த இடத்தின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோட்டை மேடு என்றாள், அது தன் செம்மண்ணும் பீரங்கிகளுமாக வந்தது. தொங்குபாலம் என்றாள், பாலம் ஆற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. பாலத்தின் மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஆற்று நீர் முற்றத்தில் கணுக்கால் அளவு ஓடி, வாசற்படியைக் கழுவிவிட்டு வடிந்தது. கைப்பிடியை முறுக்கினால் ஊர் வேகமாக வந்தது, பிரேக்கை அழுத்தினால் நிதானமாக நின்றது. பதற்றத்தில் அருங்காட்சியகத்தை வலது பக்கம் என்பதற்குப் பதில் இடது பக்கம் என்று சொல்லித் தொலைத்தாள். பாதி வந்துவிட்ட கட்டடம் பின்னுக்குப் போய், படிக்கட்டைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு சுற்றி வந்து இடது பக்கம் நின்றது.

அக்கா ஒவ்வொன்றையும் பார்த்ததும் அடையாளம் சொன்னாள். "ஓ, அந்த எச்சம் இந்தப் புறாக்களோடதா?" என்று அருங்காட்சியகத்தின் விளிம்பைப் பார்த்துக் கேட்டாள். துறைமுகம் சங்கு ஊதிக்கொண்டு வந்தபோது, "இவன்தான் என் கையைப் பதம் பார்த்தவன்" என்று விரலை நீட்டி மிரட்டினாள். வண்டி நின்ற இடத்தில் நின்றது, ஆனால் தொப்பிக்கு வெளியே அவள் தலைமுடி காற்றில் பறந்தது, கன்னம் சிவந்தது. முப்பத்தோரு வருடத்தில் அக்கா வாய்விட்டுச் சிரித்துத் தங்கை பார்த்தது அன்றைக்குத்தான்.

சாக்பீஸ் பத்தரைக்கே வந்துவிட்டார். ஆனால் சந்தில் நூலகம் குறுக்கே போய்க்கொண்டிருந்ததால் முடிதிருத்தும் கடை வாசலில் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. உள்ளே வந்ததும் நேரே குனிந்து கோடுகளைப் பார்த்தார். மூன்று சக்கரமும் கோட்டுக்குள் இருந்தன. ஆற்று நீர்கூடக் கோடுகளைத் தொடாமல் ஒதுங்கிப் போயிருந்தது. நிமிர்ந்தார். எதிரே கலங்கரை விளக்கம் நின்றது. பையிலிருந்து உத்தரவை எடுத்து மூன்று தடவை படித்தார், பின்பக்கத்தையும் படித்தார்.

"ஏம்மா, இதுல கட்டடங்களைப் பத்தி ஒண்ணும் போடலையே" என்றார்.

"அப்ப என்ன சார் பண்றது?"

"போடாததுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றவர் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "பின் சீட் காலியாத்தான இருக்கு? நானும் இந்தக் கலங்கரை விளக்கத்தைக் கிட்டத்துல பார்த்ததில்ல" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பதினான்கு இடமும் முடிந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சொல்வதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எங்க ஆஸ்பத்திரி உன் லிஸ்டுல இல்லையா, பாப்பா?" என்று கேட்டாள். "முன்பக்கம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. பின்வாசலோட சரி."

ஆஸ்பத்திரியை யாரும் சுற்றிப்பார்க்கக் கேட்டதில்லை. அதைக் கட்டிய வருடம் தெரியாது, தூண்கள் எத்தனை என்று தெரியாது, சொல்லிப் பழகிய வாசகம் ஒன்றுகூட இல்லை. தங்கை மூச்சை நிறைய இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் கத்தாத கத்தலாக, மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "நேரே பாருங்க! பெரிய ஆஸ்பத்திரி! முப்பத்தோரு வருஷம் இதுல வெள்ளைத்துணி வெள்ளையா இருந்ததுக்கு எங்க அக்காதான் காரணம்!"

ஆஸ்பத்திரி வந்தது. முதலில் பழக்கதோஷத்தில் பின்வாசலைக் காட்டிக்கொண்டு வந்தது. பிறகு, நோயாளிகளுக்கு அலுங்காமல், மெல்ல மெல்லத் திரும்பியது. ஏழு மாடி, அகலமான படிக்கட்டு, வெயில் பட்டு மின்னுகிற நூற்றுக்கணக்கான ஜன்னல்கள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. கட்டுப்போட்டவர்களும், பிள்ளை பெற்றவர்களும், டாக்டர்களும், தாதிகளும் ஆளுக்கொரு வெள்ளை விரிப்பை வெளியே நீட்டி வீசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில்கூடக் கறை இல்லை. அக்கா முழங்கால் வலியை மறந்து சைடுகாருக்குள் எழுந்து நின்றாள். அழுதாள், சிரித்தாள், பிறகு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். மூன்றாம் மாடியில் ஒருவர் விரிப்பை நழுவவிட்டார். அது முற்றத்துக் கொடியில் போய்த் தானாகக் காய்ந்தது. பின் சீட்டில் இருந்த சாக்பீஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினார். தங்கைக்கு நெஞ்சிலிருந்த வெட்கம் அத்தனையும் அந்த நேரத்தில் கழுவிக்கொண்டு போயிற்று.

வண்டி கோட்டுக்குள் இருந்தது, விதிமீறல் இல்லை என்று சாக்பீஸ் அறிக்கை எழுதினார். மேலதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். திங்கள்கிழமை அக்காவுக்குப் பெட்டி தூக்கும் சிரமம் இருக்கவில்லை. தங்கை ஓர் உதை விட்டு, ரயில் நிலையம், இரண்டாம் நடைமேடை என்றாள். ரயிலின் ஆறாவது பெட்டி வாசற்படிக்கு நேராக வந்து நின்றது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருக்க, ரயில் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் புறப்பட்டது. அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

பிறகு வந்த வருடங்களில் ஊர் இதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. ஞாயிறு பத்து மணி முதல் ஒரு மணி வரை மணிக்கூண்டு வெளியே போயிருக்கும் என்று கடைவீதியில் பலகை மாட்டினார்கள். பாலத்தைக் கடக்க வேண்டியவர்கள் சனிக்கிழமையே கடந்துகொண்டார்கள், அல்லது பாலத்தோடு சேர்ந்து முற்றம்வரை வந்துபோனார்கள். சாக்பீஸ் மாதம் ஒருமுறை வந்து கோடுகளைப் புதுப்பித்துவிட்டு, பின் சீட்டில் ஒரு சுற்று உட்கார்ந்துவிட்டுப் போவார். வண்டி அன்றிலிருந்து ஓர் அங்குலம்கூட அசையவில்லை. சைடுகார்க்காரிக்கு வேலை முன்பைவிடக் கூடியது. சாலைக்கு வர முடியாதவர்கள், படுக்கையோடு இருப்பவர்கள், ஊரிலேயே பிறந்து வளர்ந்து ஊரைப் பார்க்க நேரமில்லாதவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

மாதம் ஒருமுறை இருக்கை உறைகளைக் கட்டி அக்காவுக்குத் தபாலில் அனுப்புவாள். அக்கா பார்த்து, துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புவாள். ஒரு மழைக்காலத்தில் வந்த கடிதத்தில் பேத்திக்குப் பல் முளைத்த செய்திக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "பூங்கா இந்த வருஷம் நல்லாப் பூத்திருக்கு போல. துறைமுகம்தான் ரொம்பக் கிட்ட வந்து நிக்குது, உறையெல்லாம் பிசுக்கு. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு, பாப்பா."

அடுத்த ஞாயிறு சைடுகார்க்காரி சொன்னாள். துறைமுகம் நான்கு முழம் தள்ளி நின்றது.