அக்காவின் உள்சூடு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள். அக்கா ஒரு பெரிய சலவை ஆலையில் நீராவி இஸ்திரி போடுகிறாள். பள்ளியை விட்டுவிட்ட நான் அங்கேயே விரிப்பு மடிக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீராவி வெண்மேகம் போல...

(அடித்துவிட்டேன். மேகமாவது மண்ணாவது! மூச்சு முட்டும், அவ்வளவுதான்.)

2

தலை சுற்றுகிறது என்று அக்கா சொன்னால் சூப்பர்வைசர் அவளை மின்விசிறி முன்னால் நிறுத்துவார். வியர்வை காய்ந்ததும் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பார். "நார்மல். நடிக்காம போ." தோல் ஆறியிருக்கும். உள்ளே கொதிக்கும்.

பிறகு ஒரு பெண் பொறியாளர் இடுப்புப் பட்டை ஒன்றைச் சோதிக்க வந்தார். உடம்பு தானாகவே வெளிவிடும் மெல்லிய நுண்ணலைகளை வாங்கி, உள்ளே எவ்வளவு சூடு என்று அது சொல்லும். ஊசி வேண்டாம், எதையும் விழுங்க வேண்டாம். காலையில் பெண்களுக்குக் கட்டிவிடும் வேலை எனக்கு; வேலை முடியும்வரை அது இடுப்பிலேயே இருக்கும்.

அக்காவுக்குக் கட்டினேன். மதியம் முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ், காய்ச்சல் கணக்கில் நூற்று மூன்று.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றார் சூப்பர்வைசர்.

"நீங்களே கட்டிப் பாருங்க சார்," என்றாள் அக்கா.

3

(இந்த ஆளை நல்லவராக எழுத முயன்றேன். முதுகுவலிகூடக் கொடுத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தார், எல்லாம் வீண்.)

ஏசி அறையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டார். முப்பத்தேழு.

"எனக்குச் சரியாத்தானே காட்டுது? அப்போ கோளாறு உன் உடம்புலதான். இன்னொரு தடவை இப்படிக் காட்டுச்சு, வேலைக்கே வராத."

பார்த்தீர்களா? அவள் வாயால் சொன்னபோது நம்பாதவர், துரத்த உதவும் என்றதும் பட்டையை நம்பிவிட்டார்!

4

வீட்டில் அக்கா கேட்டாள். "நீதானே கட்டுற. எப்படிடி குறைச்சுக் காட்ட வைக்கிறது?"

"லூசாக்கா நீ? செத்துப்போயிடுவ."

"வேலை போனா மட்டும் வாழ்ந்து கிழிச்சிடுவேனா?"

எனக்கு வழி தெரியும். தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஈரத்துணி இருந்தால் அது துணியின் சூட்டைத்தான் சொல்லும் என்று பொறியாளர் எச்சரித்திருந்தார்.

ஒரு முடிவு: ஈரத்துணி வைத்துக் கட்டுகிறேன். ஒரு மதியம் அக்கா இஸ்திரி மேடையிலேயே

(மாட்டேன். எழுத மாட்டேன்.)

இன்னொன்று: துணி வைக்கவில்லை. அக்காவுக்கு வேலை போகிறது. என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

ஆலையில் சூட்டைக் குறைத்துவிட்டார்கள் என்றும் ஒரு முடிவு எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது.

5

இப்போது காலை. ஆலையின் உடைமாற்றும் அறையில் அக்கா சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர், விளிம்பில் ஒரு துண்டு. "இன்னும் என்ன பண்றீங்க?" என்று கதவுக்கு வெளியே சூப்பர்வைசர் கத்துகிறார்.

நிழலில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் வாசித்தீர்களே, எழுந்து வாருங்கள். இந்தாருங்கள் பட்டை.

நீங்கள் கட்டிவிடுங்கள்.